கொடியும் தெருவும்: டொரோண்டோ இத்தாலியரின் 1982ஆம் ஆண்டுக் காற்பந்துக் கொண்டாட்டம் – ஒரு பண்பாட்டுத் திறனாய்வு

முன்னுரை

1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் மாட்ரிட் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில் இத்தாலி, மேற்கு ஜெர்மனியை 3–1 என்னும் கோல் கணக்கில் வென்றது. கனடாவின் டொரோண்டோ நகரில் அப்பொழுது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ஆட்டம் முடிந்த சிறிது நேரத்திற்குள், இத்தாலியக் குடியேறிகள் செறிந்து வாழ்ந்த செயிண்ட் கிளேர் மேற்குச் சாலை மக்களால் நிரம்பியது. டிராம் வண்டிகளும் கார்களும் நகர வழியின்றி நின்றன. பச்சை, வெள்ளை, சிவப்பு மூவண்ணக் கொடிகளோடு நிகழ்ந்த அக்கொண்டாட்டத்தில் ஏறத்தாழ 300,000 பேர் கலந்துகொண்டனர் என்று பிற்காலப் பதிவுகள் பலவும் கூறுகின்றன.

அந்நாள் டொரோண்டோவின் நகர வரலாற்றில் ஒரு தொன்மமாகவே நிலைபெற்றுவிட்டது. பல்பண்பாட்டு நகரம் ஒன்று பிறந்த நாள் என அதனைப் போற்றுவோர் உளர். குடியேறியோரின் பற்று உண்மையில் எந்நாட்டின்மீது உள்ளது என்பதற்கு இத்தகைய கொண்டாட்டங்களைச் சான்றாகக் காட்டுவோரும் உளர். இவ்விரு வாசிப்புகளும் கொடியை நோக்குகின்றன. கொடி பிடித்தவர் நின்ற தெருவை நோக்குவதில்லை. அத்தெருவையே முதன்மைச் சான்றாகக் கொண்டு அந்நிகழ்வை ஒரு பனுவலைப் போல வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது.

‘புலம்பெயர்’ என்னும் சொல்லாட்சியைத் தமிழ்த் திறனாய்வு பட்டினப்பாலையிலிருந்து பெற்றது. பல மொழி பேசும் வேற்று நாட்டினர் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து வாழ்ந்த செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நகரின் பெருமைகளுள் ஒன்றாக வைத்துப் பாடுகிறார். அங்கு வந்தேறியவர்கள் நகரின் கண்கொண்டே காணப்படுகின்றனர். அவர்கள் அந்நகரை எவ்வாறு கண்டனர் என்பதைக் கூறுதல் புலவரின் நோக்கமன்று. டொரோண்டோவின் 1982 பற்றிய பதிவுகளிலும் பெரும்பாலும் நகரின் பார்வையே மேலோங்கியுள்ளது. அப்பார்வையைத் திருப்பிப் பார்க்கும்பொழுது நமக்குக் கிடைப்பது என்ன என்பதே ஈண்டு எழும் வினா.

ஐயத்தின் வாசிப்பு

1990ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட், ஆசியக் குடியேறிகள் கிரிக்கெட் ஆட்டத்தில் எந்நாட்டுக் குழுவுக்காக ஆரவாரம் செய்கின்றனர் என்பதை வைத்து அவர்களது ஒருங்கிணைவை அளக்கலாம் என்னும் கருத்தை வெளியிட்டார். ‘கிரிக்கெட் சோதனை’ என்று பெயர்பெற்ற அக்கருத்து அதன்பின் உலகின் பல நாடுகளிலும் வெவ்வேறு வடிவங்களில் எடுத்தாளப்பட்டது. டொரோண்டோ இத்தாலியரை இவ்வளவுகோலால் அளக்கப் புகுவோர் ஓர் எளிய உண்மையை எதிர்கொண்டாக வேண்டும். 1982ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் கனடா பங்கேற்கவே இல்லை. கனடிய ஆடவர் குழு முதன்முறையாக 1986இல்தான் அத்தகுதியைப் பெற்றது. மறுமுறை தகுதி பெற்றது 2022ஆம் ஆண்டுப் போட்டிக்கு. ஆகவே செயிண்ட் கிளேர் சாலையில் இத்தாலியக் கொடியை உயர்த்தியவர் எவரும் கனடாவின் குழுவைப் புறக்கணித்தவர் அல்லர்.

இதனைவிட அடிப்படையான குறை ஒன்றும் இவ்வாசிப்பில் உண்டு. தாயகத்தின் மீதுள்ள பற்றே கொண்டாட்டத்தின் முழுக் காரணம் எனின், அது வீட்டின் வரவேற்பறையிலும் சங்கக் கட்டடத்திலும் திருச்சபை மண்டபத்திலும் நிறைவடைந்திருக்கலாம். தொலைக்காட்சி பார்த்தவர்கள் வீட்டைவிட்டு வெளியேறி, பொதுச் சாலையை நிறைத்து, நகரின் போக்குவரத்தை நிறுத்தியது ஏன்? தாயகப் பற்று இதற்கு விடை கூறாது. விடையை மாட்ரிட்டிலோ ரோமிலோ தேடாமல் டொரோண்டோவின் நடைபாதைகளிலேயே தேட வேண்டும்.

விருந்தோம்பலின் வாசிப்பு

இரண்டாம் வாசிப்பு கனடிய அரசின் பல்பண்பாட்டுக் கொள்கையைத் தன் அடித்தளமாகக் கொள்கிறது. 1971ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிரதமர் பியேர் ட்ரூடோ அக்கொள்கையை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்த உரிமைகள் சாசனம், அமைதியாகக் கூடும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றது. நாட்டின் பல்பண்பாட்டு மரபைக் கருத்திற்கொண்டே சாசனத்திற்குப் பொருள்கொள்ள வேண்டும் எனவும் விதித்தது. அச்சாசனம் பிறந்து மூன்று மாதங்கள் நிறைவதற்கு முன்னரே செயிண்ட் கிளேர் சாலை நிரம்பியது. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து, அரசு வழங்கிய உரிமையைக் குடியேறிகள் மகிழ்ந்து நுகர்ந்தனர் என்று கதை சொல்வது எளிது.

இக்கதையில் கொடுப்பவர் அரசு, பெறுபவர் குடியேறி. அன்று சாலையில் கூடியவர்களோ எவரிடமும் எதனையும் கேட்கவில்லை. சாலையை அடைக்க முன்னனுமதி பெறப்படவில்லை. ஊர்வலத் தலைவர் இல்லை. மேடையோ உரையோ இல்லை. மேலும், விருந்தோம்பல் என்னும் சொல் விருந்தினரையும் வீட்டுக்காரரையும் முன்னரே பிரித்துவிடுகிறது. அந்நகரின் சாலைகளையும் வீடுகளையும் நிலத்தடிக் குழாய்களையும் கட்டியவர்களில் பெரும்பகுதியினர் இத்தாலியத் தொழிலாளரே. தாம் கட்டிய தெருவில் ஒருவர் விருந்தினராக நிற்பது எங்ஙனம்?

நிற்கத் தடையான நடைபாதை

இத்தெருவின் முன்வரலாறு இங்கு இன்றியமையாதது. 1929இல் டொரோண்டோ காவல் ஆணையம், பொதுக்கூட்டங்களில் ஆங்கிலமல்லாத மொழிகளில் உரையாற்றுவதற்குத் தடை விதித்தது. பொதுவுடைமையாளரை ஒடுக்கும் நோக்கில் காவல்துறைத் தலைவர் டிரேப்பரின் காலத்தில் பிறந்த இத்தடை, குடியேறியோரின் மொழிகளையே ஐயத்திற்குரிய பொருளாக்கியது. 1940 ஜூன் திங்களில் இத்தாலி போரில் இறங்கியபொழுது, கனடாவில் வாழ்ந்த ஏறத்தாழ 31,000 இத்தாலியர் ‘பகை நாட்டினர்’ என வகைப்படுத்தப்பட்டனர். அறுநூறு பேர் அளவில் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

போருக்குப் பின்னர் 1947இல் இத்தாலியர்க்கெதிரான குடிவரவுத் தடை நீங்கியது. 1951இல் 30,000க்கும் குறைவாக இருந்த டொரோண்டோ இத்தாலியரின் எண்ணிக்கை 1971இல் 250,000ஐக் கடந்தது. இவர்களில் பெரும்பாலோர் கலாப்ரியா, அப்ருட்சோ, மோலிசே, சிசிலி முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து வந்த உழவர் குடியினர். ஆடவர் பலர் கட்டுமானத் தொழிலிலும், பெண்கள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளிலும் பணியில் சேர்ந்தனர். அவர்களது உழைப்பையும் குடும்ப வாழ்வையும் வரலாற்றறிஞர் பிராங்கா யாகோவெட்டா 1992இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இத்தாலியச் சிற்றூர் வாழ்வின் மையம் ‘பியாட்சா’ எனப்படும் ஊர்ச் சதுக்கம். பணி முடிந்த மாலையிலும் ஞாயிறு வழிபாட்டிற்குப் பின்னரும் அங்கே நின்று பேசுதல் ஒரு சமூகக் கடமை போன்றது. வேலைச் செய்தி, திருமணப் பேச்சு, கடன், வழக்கு அனைத்தும் அவ்விடத்திலேயே நிகழும். டொரோண்டோவில் சதுக்கம் இல்லை, நடைபாதையே இருந்தது. காலேஜ் தெருவின் நடைபாதையில் கூடி நின்று பேசிய இத்தாலிய ஆடவரைக் காவலர் கலைந்து செல்லுமாறு பணித்த செய்தி, 1950களைப் பற்றிய அச்சமூகத்தின் வாய்மொழி நினைவுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. வெயிலில் நின்று நால்வர் உரையாடுவது ஒரு பண்பாட்டில் இயல்பான வழக்கம். மற்றொரு பண்பாட்டில் அது வீணே சுற்றித் திரிவதன் அடையாளம். தெரு கடந்து செல்வதற்கு உரியதா, நின்று வாழ்வதற்கு உரியதா என்னும் கருத்து வேறுபாடே அம்மோதலின் உட்பொருள்.

இப்பின்னணியில் 1982ஆம் ஆண்டு நிகழ்வு வேறொரு பொருளைப் பெறுகிறது. மூவர், நால்வராக நிற்பதற்குத் தடையிருந்த நகரில், நூறாயிரக்கணக்கானோர் ஒருசேர நின்றனர். தந்தையர் கலைக்கப்பட்ட நடைபாதைகளின் நகரில் மக்கள் நடுச்சாலையையே நிறைத்தனர். 300,000 என்னும் எண்ணைத் துல்லியமான கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. அது அக்கால டொரோண்டோ இத்தாலியரின் மொத்தத் தொகையை ஏறத்தாழ ஒத்தது என்பதே கருதத்தக்கது. ஒன்று, பிற சமூகத்தாரும் பெருமளவில் கலந்திருக்க வேண்டும். அல்லது, ‘நாம் அனைவரும் அன்று அங்கிருந்தோம்’ என்னும் கூட்டு நினைவு எண்ணாக உருமாறியிருக்க வேண்டும். இரண்டில் எதுவாயினும் அவ்வெண் ஒரு சமூகம் தன்னை முழுமையாகத் தெருவில் கண்டதன் குறியீடாக அமைகிறது.

ஊராரிலிருந்து இத்தாலியராக

கொண்டாடப்பட்ட ‘இத்தாலி’ எது என்னும் வினாவும் எழுகிறது. இத்தாலியக் குடியேறிகள் கப்பலேறியபொழுது தம்மை இத்தாலியர் எனக் கருதியதைக் காட்டிலும் தத்தம் ஊரினர் எனக் கருதியதே மிகுதி. ஒரே ஊரைச் சேர்ந்தவரைக் குறிக்கும் ‘பயேசானோ’ என்னும் சொல்லே உறவின் எல்லையை வகுத்தது. டொரோண்டோ இத்தாலியரின் தொடக்க கால வரலாற்றை ஆராய்ந்த ஜான் சுக்கி, 1988இல் வெளிவந்த தம் நூலில், ஊர் அடிப்படையில் பிரிந்திருந்த குழுக்கள் டொரோண்டோவின் வாழ்வுச் சூழலிலேயே படிப்படியாகத் தேசிய அடையாளத்தைப் பெற்றன என்று நிறுவுகிறார். இத்தாலியில் கலாப்ரியராகவும் பிரியூலியராகவும் இருந்தவர்கள் கனடாவில் இத்தாலியர் ஆயினர் என்பது இதன் சாரம். அவர்களை அவ்வாறு ஒருசேர அழைத்ததில் பிறரது ஏளனத்திற்கும் பங்குண்டு.

காற்பந்துக் குழு இவ்வுருவாக்கத்திற்கு ஏற்ற வடிவத்தை அளித்தது. கோடிக்கணக்கானோரைக் கொண்ட கற்பிதச் சமூகமாகிய தேசம், பெயர் தெரிந்த பதினொருவராகக் கண்முன் நிற்கும்பொழுது மெய்ம்மை பெறுகிறது என்னும் கருத்தை எரிக் ஹாப்ஸ்பாம் 1990இல் வெளிவந்த தேசியவாதம் குறித்த நூலில் முன்வைத்தார். 1982ஆம் ஆண்டுக் குழுவை இவ்வொளியில் காணலாம். நாற்பது வயதுக் குழுத்தலைவரும் கோல் காவலருமான டீனோ சோஃப் வடகிழக்கிலுள்ள பிரியூலியைச் சேர்ந்தவர். ஆறு கோல்கள் அடித்த பாவ்லோ ரோசி தஸ்கனியில் பிறந்தவர். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் களமிறங்கிய பிராங்கோ காவ்சியோ தெற்கே லெச்சே நகரத்தவர். தற்காப்பு ஆட்டக்காரர் கிளாவ்தியோ ஜென்டிலே லிபியாவின் திரிப்போலியில் பிறந்தவர். குடியேறிய குடும்பத்தின் பிள்ளை ஒருவரும் அக்குழுவில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பல ஊரார் ஒருவராகத் திரண்டு நின்ற அக்குழுவில், பல ஊராராக வந்து ஒரு தெருவில் திரண்ட டொரோண்டோ மக்கள் தம்மைக் கண்டனர் எனல் தகும்.

அக்குழுவின் பயணமும் இதற்குத் துணைநின்றது. முதற்சுற்றில் போலந்து, பெரு, கேமரூன் ஆகிய மூன்று நாடுகளுடனும் வெற்றி தோல்வியின்றி முடித்து இத்தாலி தட்டுத்தடுமாறியே முன்னேறியது. பின்னர் அர்ஜென்டினாவையும் பிரேசிலையும் அடுத்தடுத்து வீழ்த்தியது. சூதாட்ட ஊழலில் தொடர்புபடுத்தப்பட்டு ஈராண்டுத் தடையிலிருந்து மீண்டிருந்த ரோசி, பிரேசிலுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். எவரும் பொருட்படுத்தாதிருந்தவர் இறுதியில் வென்ற கதை, அடித்தள உழைப்பாளராக வந்து வீடு கட்டிக்கொண்ட ஒரு தலைமுறைக்குத் தன் கதையாகவே தோன்றியிருத்தல் கூடும்.

ஆகவே, அன்று செயிண்ட் கிளேரில் பறந்த கொடி டொரோண்டோவில் உருவான ஒரு சமூகத்தின் பெயர்ப்பலகையாகவும் விளங்கியது. அதனைத் தாயக ஏக்கம் என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்குதல் பொருந்தாது.

அனுமதி பெற்ற விழாவும் அனுமதி கேளாத விழாவும்

தெருவிழாக்களை ஆராய்வோர் பெரும்பாலும் மிகயில் பக்தினின் களியாட்டக் கோட்பாட்டை நாடுவர். ரபேலே குறித்து 1965இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கிய களியாட்டத்தில் மேல்–கீழ் ஒழுங்கு தற்காலிகமாகத் தலைகீழாகிறது. காண்போர், ஆடுவோர் என்னும் வேறுபாடு மறைகிறது. இரண்டாம் கூறு 1982க்கு முழுதும் பொருந்துகிறது. முதற்கூறு அவ்வாறு பொருந்தவில்லை. அங்கு எவரும் ஆட்சியாளரைப் போல வேடமிடவில்லை. அதிகாரம் பகடி செய்யப்படவில்லை. மேலும், களியாட்டம் நாட்காட்டியில் குறிக்கப்பட்ட நிகழ்வு. அதன் தொடக்கமும் முடிவும் முன்னரே தெரிந்தவை. அதிகாரம் அதனைப் பொறுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது பக்தினுக்கு எதிராகப் பலர் எழுப்பிய தடை. காற்பந்து வெற்றியை நாட்காட்டியில் குறிக்க இயலாது. இறுதியாட்டத்தின் நாள் தெரியும். வெல்வோர் யாரெனத் தெரியாது. இந்நிச்சயமின்மையே அத்தெருவை அனுமதிக்கும் முறைமைக்கும் அப்பால் வைத்தது.

பின்னாளில் இந்நிலை மாறியது. காலேஜ் தெருவில் ஜூன் திங்களில் நடைபெறும் உணவுத் தெருவிழா இதற்கு எடுத்துக்காட்டு. சாலையை மூடுவதற்கு முறையான அனுமதியும் கடைகளுக்கான இட ஒதுக்கீடும் கொண்ட விழா அது. பெரும் காற்பந்துப் போட்டிகள் நிகழும் ஆண்டுகளில் விழாக் காலமும் ஆட்டக் காலமும் நெருங்கி வருவதால், இரசிகரின் ஆரவாரம் விழாவின் ஈர்ப்புகளுள் ஒன்றாகிவிடுகிறது. இதற்கிடையே இத்தாலியக் குடும்பங்களில் பெரும்பகுதி உட்பிரிட்ஜ் போன்ற வடபுறப் புறநகர்களுக்கு இடம்பெயர்ந்தது. 2006ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பெர்லினில் பிரான்சையும், 2021ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்தையும் இத்தாலி வென்றபொழுது, மக்கள் மீண்டும் அப்பழைய தெருக்களுக்கே திரண்டனர். புறநகரில் அகலமான சாலைகளும் வாகன நிறுத்திடங்களும் உண்டு. கொண்டாடுவதற்கு மட்டும் தாம் விட்டுச் சென்ற தெரு தேவைப்பட்டது. அத்தெரு குடியிருப்பாக இருந்த நிலை மாறி நினைவிடம் ஆயிற்று.

இம்மரபு இத்தாலியரோடு நின்றுவிடவும் இல்லை. 2016ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் போர்த்துகல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபொழுது டண்டாஸ் மேற்குத் தெருவைப் போர்த்துகீசியர் நிறைத்தனர். ஒரு சமூகம் அனுமதி கேளாது தொடங்கிய வழக்கம் நகரின் பொது வழக்கமாக விரிந்ததை மறுக்க முடியாத சாதனையாகக் கொள்ள வேண்டும். அதே வேளையில், வழக்கமாகிவிட்ட ஒன்று தன் தொடக்கத்தின் கூர்மையை இழந்துவிடுகிறது என்பதும் உண்மை. இன்று அக்காட்சியைச் சுற்றுலாப் பயணியும் ஒளிப்படம் எடுத்துச் செல்கிறார். அங்கு ஒரு காலத்தில் நிற்பதே குற்றமாயிருந்தது என்பதை அப்படம் சொல்வதில்லை.

ஒண்டாச்சியின் நாவல்: நீரேற்று நிலையத்தில் கூடியவர்கள்

ஒளிப்படம் சொல்லாததை இலக்கியம் சொல்லியுள்ளதா? கொழும்பில் பிறந்து 1962இல் கனடாவிற்குச் சென்ற மைக்கேல் ஒண்டாச்சியின் ‘இன் த ஸ்கின் ஆப் எ லயன்’ என்னும் நாவல் 1987இல் வெளிவந்தது. அதில் காற்பந்து இல்லை. அதன் காலமும் 1982க்கு முற்பட்டது. எனினும் செயிண்ட் கிளேர் கொண்டாட்டத்தின் முன்கதை அதில் உள்ளது எனலாம்.

1918இல் திறக்கப்பட்ட புளோர் தெருப் பாலத்தையும் பின்னர் எழுந்த நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் கட்டிய குடியேறிகளே அந்நாவலின் மாந்தர். நாயகன் பேட்ரிக் கனடாவிலேயே பிறந்தவன். குடியேறியோரிடையே அவனே அயலான். நூலகத்தில் பழைய பதிவுகளைத் தேடும் அவனுக்குப் பாலத்தின் கட்டுமான விவரங்களெல்லாம் கிடைக்கின்றன. அதனைக் கட்டியவர்களின் வாழ்வு கிடைக்கவில்லை. அந்நாவலின் மையக் காட்சிகளுள் ஒன்று, முடிக்கப்படாத நீர் நிலையத்திற்குள் இரவில் பல நாட்டுக் குடியேறிகள் திருட்டுத்தனமாகக் கூடி நிகழ்த்தும் பொம்மலாட்டம். ஆங்கிலமல்லாத மொழியில் பொதுக்கூட்டம் நடத்த இயலாத காலத்தில், அவர்கள் தாம் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தையே தம் சதுக்கமாக்கிக்கொள்கின்றனர். மேடையில் மனிதப் பொம்மை ஒன்று பேச்சின்றித் தரையைக் கையால் அறைந்துகொண்டே இருக்கிறது. அதனைத் தாங்க இயலாத பேட்ரிக் மேடையேறி அக்கையைப் பற்றி நிறுத்துகிறான்.

இக்காட்சியையும் 1982ஆம் ஆண்டுக் காட்சியையும் அருகருகே வைத்து நோக்குக. முன்னது இரவு, மறைவிடம், மொழியற்ற ஓசை; பின்னது பட்டப்பகல், பொதுச் சாலை, ஆரவாரம். முன்னதில் அரங்கேறுவது துயரம், பின்னதில் மகிழ்ச்சி. ஒரு சமூகம் மறைவிலிருந்து வெளிச்சத்திற்கு வந்த வளர்ச்சியை இது காட்டுகிறது. ஆயினும் இவ்வொப்பீடு ஓர் ஐயத்தையும் உடன் எழுப்புகிறது. வெளிச்சத்திற்கு வந்தது மகிழ்ச்சி மட்டுந்தானா? அத்துயரம் எங்குச் சென்றது?

துயரத்திற்கான தெரு

1960ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் டொரோண்டோவின் ஹாக்ஸ் ஹாலோ பகுதியில், ஆற்றுக்கடியில் நீர்க்குழாய்க்காகத் தோண்டப்பட்ட சுரங்கத்தில் தீப்பற்றியது. உள்ளே சிக்கிய இத்தாலியத் தொழிலாளர் ஐவர் இறந்தனர். அடிப்படைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி அவர்கள் பணியாற்ற நேர்ந்தமை வெளிப்பட்டது. ஒன்டாரியோ மாநிலத்தின் தொழிற்பாதுகாப்பு விதிகள் மறுஆய்வுக்கு உள்ளாயின. அதே ஆண்டிலும் 1961இலும் இத்தாலியக் கட்டுமானத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தங்களில் இறங்கினர். இத்தாலியர் டொரோண்டோவின் பொதுவெளியில் பெருந்திரளாகத் தோன்றியது 1982இல் முதன்முறையன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே சினத்தோடும் கோரிக்கையோடும் தோன்றியிருந்தனர். நகரின் பொது நினைவில் 1982 பெற்ற இடத்தை 1960 பெறவில்லை. இறந்த ஐவரின் நினைவாக உருவாக்கப்பட்ட தையற்கலைப் படைப்பு ஒன்று யார்க் மில்ஸ் நிலத்தடி இரயில் நிலையத்தில் வைக்கப்பட்டது 2010இல்தான். முகாம்களில் அடைக்கப்பட்டவர்களுக்காக நாடாளுமன்றத்தில் பிரதமர் முறைப்படி மன்னிப்புக் கோரியது 2021ஆம் ஆண்டு மே 27ஆம் நாள். அதற்கு எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அதே ஆண்டின் ஜூலை வெற்றியைத் தெரு உடனே கொண்டாடியது.

இவ்வேறுபாட்டைத் தமிழர் ஒருவர் எளிதிற் கடந்து செல்ல இயலாது. 2009ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலங்கையின் வன்னியில் போர் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்த வேளையில், ஆயிரக்கணக்கான டொரோண்டோ தமிழர் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்தனர். பல மணி நேரம் இரு திசைகளிலும் போக்குவரத்து நின்றது. அங்கும் கொடிகள் இருந்தன. அங்கும் முன்னனுமதி இல்லை. அங்கும் மக்கள் தொலைவிலுள்ள நிலத்தின் செய்தியைக் கேட்டே தெருவிற்கு வந்தனர். நகரின் எதிர்வினையோ வேறாக இருந்தது. குழந்தைகளை விரைவுச்சாலைக்கு அழைத்து வந்தமை கண்டிக்கப்பட்டது. வேற்று நாட்டுச் சண்டையைக் கனடியச் சாலைக்குக் கொண்டுவருவதா என்னும் வினா ஊடகங்களில் ஒலித்தது.

இவ்விரு நிகழ்வுகளும் எல்லா வகையிலும் ஒத்தவை எனக் கூறுதல் நேர்மையாகாது. குடியிருப்புப் பகுதியின் கடைத்தெரு வேறு. வாகனங்கள் விரைந்து செல்லும் உயர்சாலை வேறு. ஆபத்து குறித்த அச்சம் பொய்யன்று. 2009இல் உயர்த்தப்பட்ட கொடிகளுள் விடுதலைப் புலிகளின் கொடியும் இருந்தது. அவ்வமைப்பு கனடாவில் 2006 முதல் தடைப் பட்டியலில் இருந்தமையால் சட்டத்தின் பார்வையும் வேறுபட்டது. இவ்வேறுபாடுகளையெல்லாம் கழித்த பின்னரும் ஓர் எச்சம் நிற்கிறது. இத்தாலியரின் மகிழ்ச்சி நகரிடம் எதனையும் கோரவில்லை. அதனை வேடிக்கை பார்க்கலாம், உடன் கலந்து ஆடலாம், மறுநாள் பணிக்குத் திரும்பலாம். தமிழரின் துயரம் நகரிடம் ஒன்றைக் கோரியது. கேட்டவர் ஏதேனும் செய்தாக வேண்டும். செய்யாவிடின் செய்யாமையை உணர்ந்தாக வேண்டும். பல்பண்பாட்டு நகரம் குடியேறியவரின் உணவையும் இசையையும் வெற்றியையும் விரைந்து தனதாக்கிக்கொள்கிறது. அவரது இழப்பை ஏற்பதற்குத் தயங்குகிறது. 1960இல் இத்தாலியர் கண்ட தயக்கத்தையே 2009இல் தமிழரும் கண்டனர்.

ஆதலால், 1982ஆம் ஆண்டு நிகழ்வைப் பல்பண்பாட்டின் நிறைவாகக் கொள்ளாமல் அதன் பாதிப் பகுதியாகவே கொள்ளல் வேண்டும். அதன் அருமையை இம்மதிப்பீடு குறைக்காது. கலைந்து போ எனப் பணிக்கப்பட்டவர்கள் கலையாது நின்ற நாள் என்னும் வகையில் அது பெருமைக்குரியதே. அப்பெருமையைக் கொண்டாட்டத்தின் ஒலியளவில் நிறுத்திவிட்டால், நின்றவர்கள் ஏன் நிற்க வேண்டியிருந்தது என்பது மறைந்துவிடும்.

முடிவுரை

குடியேறியோரின் காற்பந்துக் கொண்டாட்டத்தைத் தாயகப் பற்று என்றோ அரசின் கொடை என்றோ வாசிக்கும் இரு முறைகளும் தெருவின் வரலாற்றைக் கணக்கிற்கொள்ளத் தவறுகின்றன. டொரோண்டோ இத்தாலியரின் 1982 கொண்டாட்டம் நடைபாதையில் நிற்பதற்கான நெடுங்கால வழக்கின் ஒரு தீர்ப்பு. அதில் உயர்த்தப்பட்ட இத்தாலியம் குடியேறிய மண்ணிலேயே உருவானது. ஆயினும் அத்தீர்ப்பு மகிழ்ச்சிக்கு மட்டுமே வழங்கப்பட்டது என்பதை 1960, 2009 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகளோடு ஒப்பிடுகையில் உணர்கிறோம்.

இம்முடிவு நம் வகுப்பறைகளுக்கும் உரியது. புலம்பெயர் இலக்கியத்தைக் கற்பிக்கும்பொழுது ‘தாயக ஏக்கம்’ என்னும் தலைப்பின்கீழ் அனைத்தையும் தொகுத்துவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஒரு பாத்திரம் பழைய ஊரின் பாட்டைப் பாடினால் ஏக்கம் என்கிறோம். பழைய ஊரின் கொடியை உயர்த்தினால் பற்று என்கிறோம். அப்பாத்திரம் எங்கே நின்று பாடுகிறது, அங்கு நிற்பதற்கு அதற்கு உரிமை இருந்ததா, அதன் பாட்டனுக்கு அவ்வுரிமை இருந்ததா என்னும் வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் வேண்டும். அவ்வாறு வைக்கும்பொழுது பல பனுவல்கள் வந்த ஊரைப் பற்றியவையாகவே மாறித் தோன்றும்.

2026ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின் ஆட்டக்களங்களுள் ஒன்றாக டொரோண்டோவை 2022இல் தேர்ந்தெடுத்தபொழுது, பல நாட்டு மக்கள் வாழும் நகரம் என்பது அதன் தகுதிகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. அத்தகுதியை ஈட்டித் தந்தவர்களுள் செயிண்ட் கிளேர் சாலையில் ஆடிக் களித்தவர்களும் உளர். ஹாக்ஸ் ஹாலோவின் சுரங்கத்திலிருந்து மீளாத ஐவரும் உளர்.